பெட்டியின் அளவும் குவிய விலகலும்



இன்றைய பேச்சை மன்னார்த் தீவில் உள்ள ஒரு கிணற்றடியிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், இலங்கை மலேரியா நீங்கிய நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. அச்சான்றின் பெறுமதியை நம் முதியோர் நன்கு அறிவர். 1934, 35ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன நோய் அது. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 நோயாளரே காணப்பட்டனர். நோய் ஒழிந்தது என்று நாம் கண்ணயர்ந்திருந்த வேளையில், 1968, 69ஆம் ஆண்டுகளில் பல இலட்சம் மக்களை அது மீண்டும் படுக்கையில் தள்ளியது. பின்னர் பல்லாண்டு உழைப்பின் பயனாக, 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்துக்குப் பின் சான்று கிடைத்த நாள்வரை உள்நாட்டிலே தொற்றிய நோயாளர் ஒருவரும் இல்லை என்ற நிலை ஏற்பட்டது.

அந்த 2016ஆம் ஆண்டு முடிவதற்குள்ளேயே மன்னார்த் தீவின் கிணறுகளில் ஒரு புதிய நுளம்பின் குடம்பிகள் காணப்பட்டன. அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்பது அந்நுளம்பின் பெயர். இந்தியப் பட்டினங்களிலே கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் பெருகி மலேரியாவைப் பரப்புவது இதுவே. இலங்கையில் அதுகாறும் இது காணப்பட்டதில்லை. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. நுளம்பு வந்துவிட்டது, ஒட்டுண்ணியோ வெளிநாடு சென்று மீள்வோரின் குருதியில் இன்றும் வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது. இவ்விரண்டும் ஓரிடத்தில் சந்திக்காதவாறு காப்பது சுகாதாரப் பகுதியினரின் அன்றாடக் கடமை. தப்பித் தவறிச் சந்தித்துவிட்டால் நமக்குக் கைகொடுப்பது மருந்து. அந்த மருந்துகளுக்கோ ஒட்டுண்ணி நாளடைவில் பழகிப்போகிறது. ஆகவே புதிய மருந்து எங்கே தாக்க வேண்டும் என்பதை அறிந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இவ்வாறு அறிவதற்குக் கையாளப்படும் ஒரு முறையைப் பற்றியும், அம்முறையில் ஆராய்ச்சியாளன் தொடக்கத்திலேயே செய்துகொள்ள வேண்டிய இரண்டு தெரிவுகளைப் பற்றியுமே இன்று பேசப் போகிறேன். ஒன்று, படத்தை எவ்வளவு குவியம் விலக்கி எடுப்பது என்பது. மற்றொன்று, எடுத்த படத்திலிருந்து ஒவ்வொரு துகளையும் எவ்வளவு பெரிய சதுரப் பெட்டியாக வெட்டிக்கொள்வது என்பது. கேட்பதற்குச் சிறிய காரியங்களாகத் தோன்றும். ஆயினும், இங்கே பிழைத்தால், பின்னர் எத்துணை பெரிய கணினி கொண்டும் அதனைச் சரிசெய்ய இயலாது.

முதலில் படம் எதனுடையது என்பதைக் காண்போம். மலேரியா ஒட்டுண்ணிகளுட் கொடியது பிளாஸ்மோடியம் பல்சிபாரம். எல்லா உயிர்களையும் போலவே இதுவும் தன் உடலுக்கு வேண்டிய புரதங்களைத் தானே செய்துகொள்கிறது. அப்புரதங்களை நெய்து தரும் தறி போன்றது ரைபோசோம் என்னும் நுண்துகள். தறியை நிறுத்திவிட்டால் ஒட்டுண்ணி வாழாது. ரைபோசோமின் அமைப்பை அணுவணுவாக விளக்கியமைக்காகவே, சிதம்பரத்தில் 1952ஆம் ஆண்டு பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் அவர்கள் 2009ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார். அவர் கையாண்டது பளிங்குகளில் ஊடுகதிரைச் செலுத்தும் முறை. அதற்குப் பளிங்கு வேண்டும். பளிங்கு வளர்ப்பதற்குப் பொருளும் நிறைய வேண்டும். ஒட்டுண்ணியின் ரைபோசோமை அவ்வளவு திரட்டுவது எளிதன்று.

2014ஆம் ஆண்டில் மெல்பர்ன் நகர ஆராய்ச்சியாளரும் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, பளிங்கு இல்லாமலே இவ்வொட்டுண்ணியின் ரைபோசோமை 3.2 அங்ஸ்ட்ரோம் நுட்பத்துடன் படம்பிடித்து வெளியிட்டார்கள். அங்ஸ்ட்ரோம் என்பது ஒரு மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்கு. ரைபோசோமின் குறுக்களவு ஏறத்தாழ 300 அங்ஸ்ட்ரோம். அதன்மீது எமற்றின் என்னும் மருந்து எந்த இடுக்கில் போய்ப் பொருந்தி நிற்கிறது என்பதையும் அவர்கள் கண்டார்கள். எமற்றின், தென்னமெரிக்கச் செடியொன்றின் வேரிலிருந்து எடுக்கப்படுவது; சீதபேதிக்கு முற்காலத்தில் பெரிதும் பயன்பட்டது; இதயத்துக்குத் தீங்கு செய்வதால் ஒதுக்கப்பட்டது. அது பொருந்தும் இடுக்கு மனிதனுடைய ரைபோசோமிலும் ஒத்த வடிவில் இருக்கிறது. ஒட்டுண்ணியைத் தாக்கி மனிதனை விட்டுவிடுமாறு மருந்தைத் திருத்த வேண்டுமாயின், அந்த இடுக்கின் உருவத்தை அணு அளவில் தெளிவாகக் காணவேண்டும் அன்றோ?

அவர்கள் கையாண்ட முறை, உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டி முறை எனப்படும். ரைபோசோம் கலந்த நீர்த்துளியை மெல்லிய படலமாக்கி, மிகக் குளிர்ந்த திரவ ஈதேனில் திடீரென அமிழ்த்துகிறார்கள். நீர் பனிக்கட்டிப் பளிங்காவதற்கு நேரமில்லாமல் கண்ணாடிபோல உறைந்துவிடுகிறது. துகள்கள் தாம் கிடந்தபடியே அதனுள் சிறைப்படுகின்றன. 1980களின் தொடக்கத்தில் இவ்வித்தையைக் கைவரச் செய்தவர் ழாக் டுபோஷே. இவரும், துகட்படங்களைக் கணிதத்தால் ஒன்றுசேர்க்கும் வழி கண்ட யோக்கிம் பிராங்கும், இம்முறையால் அணு அளவிலான நுட்பத்தை எட்டலாம் என்று காட்டிய ரிச்சர்ட் ஹெண்டர்சனும் 2017ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர்.

உறைந்த படலத்தின் ஊடே இலத்திரன்களைச் செலுத்திப் படம் எடுக்கவேண்டும். ஆனால் இலத்திரன்கள் துகளைச் சிதைத்துவிடும். ஆகையால் மிகச் சிலவற்றையே செலுத்த முடியும். அதனால் படம் முழுவதும் ஒரே இரைச்சல். வானொலியில் தொலைதூர நிலையமொன்றைத் திருப்பும்போது கரகரவென்ற ஓசையினிடையே ஒரு குரல் மங்கலாகக் கேட்பதை நேயர்கள் அறிவீர்கள். அதே குரல் அதே சொல்லை ஆயிரம் முறை கூறி, நாம் அந்த ஆயிரத்தையும் சொல்லோடு சொல் பொருந்த அடுக்கிக் கூட்டினால், குரல் ஓங்கும். கரகரப்போ ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதுபோலவே இங்கும், பற்பல திசைகளில் திரும்பிக் கிடக்கும் ஓரின ரைபோசோம்களின் படங்களை வெட்டியெடுத்து, ஒவ்வொன்றும் எத்திசையில் நோக்குகிறது என்பதைக் கணித்து, எல்லாவற்றையும் சேர்த்து முப்பரிமாண உருவம் கட்டுகிறார்கள். நான் கூறிய ஆராய்ச்சியில் இவ்வாறு சேர்க்கப்பட்ட துகட்படங்கள் 1,05,247. நிழல்களிலிருந்து உருவத்தை மீட்கும் கணிதத்தில் தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய கோ. நா. ராமச்சந்திரன் அவர்களும் லட்சுமிநாராயணன் அவர்களும், ஊடுகதிர்ப் படங்களிலிருந்தும் இலத்திரன் படங்களிலிருந்தும் முப்பரிமாண உருவை எளிதாகக் கணிக்கும் வழியொன்றை 1971ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள்.

இனி நம் இரண்டு தெரிவுகளுக்கு வருவோம்.

படம் எடுப்பவர் எவரும் குவியத்தைச் சரியாக வைத்தே எடுக்க முயல்வர். இங்கே மட்டும் வேண்டுமென்றே குவியத்தை விலக்கி வைக்கிறார்கள். காரணம் யாது? ரைபோசோமும் அதைச் சூழ்ந்த உறைநீரும் இலத்திரன்களுக்கு ஏறக்குறையக் கண்ணாடி போன்றவை. இலத்திரன் அலை துகளின் ஊடே செல்கையில் அதன் வலிமை குறைவதில்லை. அலையின் முன்பின் நிலை மட்டும் சிறிது மாறுகிறது. அந்த மாற்றம் படத்தில் கருமையாகவோ வெண்மையாகவோ தோன்றுவதில்லை. சரியான குவியத்தில் எடுத்தால் துகள் கண்ணுக்கே புலப்படாது.

தலைமன்னார்ப் பக்கத்து ஆழமற்ற கடலில் நண்பகலில் இறங்கி நின்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். நீர் தெளிந்திருக்கும், மேற்பரப்பில் சிற்றலைகள் எழும். அலையும் நீரே, நீரும் நிறமற்றது. ஆயினும் அடியிலுள்ள மணலில் ஒளிக்கோடுகள் வலைபோலப் பின்னி ஆடும். நிறமற்ற அலை ஒளியின் பாதையைச் சிறிது வளைக்கிறது. அந்த வளைவு சற்றுத் தொலைவு சென்ற பின்னரே ஒளியும் நிழலுமாகப் பிரிகிறது. நீர் மட்டத்திலேயே ஒரு தாளைப் பிடித்தால் அக்கோடுகள் தெரியமாட்டா. குவியத்தை விலக்குவதும் இதைப்போன்றதே. துகள் இருக்கும் தளத்தை விட்டுச் சிறிது தொலைவிலுள்ள தளத்தைப் படம்பிடிக்கிறோம். அந்தத் தொலைவே குவிய விலகல். வழக்கமாக அது ஒரு மைக்கிரோன் முதல் மூன்று மைக்கிரோன் வரை இருக்கும். மைக்கிரோன் என்பது 10,000 அங்ஸ்ட்ரோம். மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

குவியம் எவ்வளவுக்கு விலகுகிறதோ அவ்வளவுக்குத் துகளின் பரும்படியான உருவம் தெளிவாகத் தெரியும். படத்தில் துகளைக் கண்டுபிடிக்கவும் அது எத்திசையில் கிடக்கிறதெனக் கணிக்கவும் அது உதவும். சிறிய புரதமானால் விலகல் சற்று மிகுதியாக வேண்டும். ரைபோசோம் பெரியது, ஆர். என். ஏ. மிகுந்தது, ஆதலால் குறைந்த விலகலிலும் தெரியும்.

ஆனால் இதற்கு நாம் இரண்டு விலை கொடுக்கிறோம்.

முதல் விலை இது. குவியம் விலகிய படத்தில் எல்லா அளவு நுட்பங்களும் ஒரே சீராகப் பதிவதில்லை. சில அளவுகள் நன்கு பதியும். சில அளவுகள் அடியோடு மறையும். அப்பாலுள்ளவை கருமை வெண்மையாகவும் வெண்மை கருமையாகவும் தலைகீழாகப் பதியும். மீண்டும் ஒரு மறைவு. மீண்டும் ஒரு புரட்டல். முதல் மறைவு எந்த அளவில் நேர்கிறது என்பதைக் கணிப்பது எளிது. இலத்திரன் அலைநீளத்தைக் குவிய விலகலால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் போதும். 300 கிலோவோல்ற்று நுணுக்குக்காட்டியில் இலத்திரனின் அலைநீளம் 0.0197 அங்ஸ்ட்ரோம். விலகல் ஒரு மைக்கிரோனானால் முதல் மறைவு 14 அங்ஸ்ட்ரோம் அளவில் நிகழும். இரண்டு மைக்கிரோனானால் ஏறத்தாழ 20, மூன்றானால் 24. புரண்டதை நேராக்கக் கணினிக்குத் தெரியும். ஆனால் மறைந்துபோனதை அதனால் உண்டாக்க முடியாது. ஆகவேதான் எல்லாப் படங்களையும் ஒரே விலகலில் எடுப்பதில்லை. ஒரு படத்தில் மறைந்த அளவு மற்றொரு படத்தில் பதிந்திருக்குமாறு, விலகலைப் பலவாறாக மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். ‘எத்தனை மைக்கிரோன் வைப்பது?’ என்று கேட்கும் மாணவனுக்கு ஓர் எண்ணை விடையாகக் கூறுவது பொருந்தாது. இந்த எண்ணிலிருந்து அந்த எண்வரை பரப்பி வை என்று கூறுவதே பொருந்தும்.

இரண்டாவது விலைதான் பெட்டியோடு தொடர்புடையது. இதைச் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன்.

மன்னார்க் கிணறு ஒன்றில் ஒரு சிறு கல்லைப் போடுங்கள். வட்டவட்டமாக அலை விரியும். கல் விழுந்தது ஒரு புள்ளியில். அதன் செய்தியோ நீர்ப்பரப்பெங்கும் பரவிவிட்டது. குவியம் விலகிய படத்திலும் இதுவே நிகழ்கிறது. துகளிலுள்ள ஓர் அணுவின் செய்தி அவ்வணு இருந்த இடத்திலேயே நிற்பதில்லை. வட்டங்களாக வெளியே பரவிக் கிடக்கிறது. பரும்படியான செய்தி அருகிலேயே நின்றுவிடும். நுட்பமான செய்தியே நெடுந்தூரம் செல்லும். எவ்வளவு தூரம் என்று கேட்டால் அதற்கும் எளிய கணக்கு உண்டு. அலைநீளத்தைக் குவிய விலகலால் பெருக்கி, நாம் காண விரும்பும் நுட்ப அளவால் வகுக்க வேண்டும்.

3.2 அங்ஸ்ட்ரோம் நுட்பத்தை விரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். விலகல் ஒரு மைக்கிரோனானால் 0.0197ஐ 10,000ஆல் பெருக்க 197, அதை 3.2ஆல் வகுத்தால் ஏறத்தாழ 62 அங்ஸ்ட்ரோம். இரண்டு மைக்கிரோனானால் 123. மூன்றானால் 185. ஆனால் 10 அங்ஸ்ட்ரோம் நுட்பமே போதுமென்றிருந்தால், இரண்டு மைக்கிரோன் விலகலிலும் செய்தி 39 அங்ஸ்ட்ரோம் தூரமே பரவியிருக்கும்.

இப்போது பெட்டியை வெட்டுவோம். துகளின் குறுக்களவு 300 அங்ஸ்ட்ரோம். 300 அங்ஸ்ட்ரோம் பெட்டி போதுமென்று ஒருவன் வெட்டினால், அவன் கண்ணுக்குத் துகள் முழுவதும் உள்ளே இருக்கும். ஆயினும் துகளின் ஓரத்து அணுக்களின் நுண்செய்தி பெட்டிக்கு வெளியே படத்திலேயே தங்கிவிடும். வெட்டிய பின் அதனை மீட்க வழியில்லை. இருபுறமும் பரவல் தூரத்தைக் கூட்டினால்தான் முழுச் செய்தியும் கிடைக்கும். ஒரு மைக்கிரோன் விலகலுக்கு 300உடன் இருமுறை 62 சேர்ந்து 424 அங்ஸ்ட்ரோம், இரண்டு மைக்கிரோனுக்கு 546, மூன்றுக்கு 670. ஆகவே பெட்டியின் அளவு துகளின் அளவால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று. துகள், குவிய விலகல், நாம் விரும்பும் நுட்பம் ஆகிய மூன்றும் கூடித் தீர்மானிப்பதாகும். இன்றைய பேச்சில் நேயர்கள் நினைவில் வைக்க வேண்டியது இந்த ஒன்றே.

கிணற்றைக் கொண்டே மற்றொரு செய்தியையும் விளக்கலாம். கிணறு குறுகலாயின், விரியும் அலை சுவரில் மோதித் திரும்பிப் புது அலையோடு கலந்து குழம்பும். கணினியின் கணக்கிலும் ஏறக்குறைய அவ்வாறே நேர்கிறது. பெட்டியின் வலப்பக்கம் முடிந்தால் இடப்பக்கம் தொடங்குவதாகவே கணினி கொள்ளும். ஆகையால் புரட்டலை நேராக்கும்போது பெட்டி குறுகலாக இருந்தால் ஒருபுறம் வெளியேற வேண்டிய அலை மறுபுறமாக உள்ளே நுழைந்துவிடும். இதைத் தவிர்க்க, பெட்டியின் பக்கம் பரவல் தூரத்தைப் போல் இருமடங்குக்குக் குறையாதிருத்தல் வேண்டும். மூன்று மைக்கிரோன் விலகலுக்கு இது 370 அங்ஸ்ட்ரோம். முழுச் செய்தியையும் பிடிக்கும் பெட்டி விரும்பத்தக்கது. அலை திரும்பாத பெட்டி இன்றியமையாதது.

அப்படியானால் பெட்டியைப் பென்னம்பெரிதாக வெட்டிவிட்டால் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கும் தடைகள் உள. பெட்டி பெரிதானால் அடுத்த துகள்கள் உள்ளே தலைநீட்டும். திசை கணிக்கும் கணினியை அவை ஏமாற்றக்கூடும். துகளைச் சூழ வெறும் இரைச்சலும் மிகும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கணினியின் சுமை ஏறும்.

மேற்கூறிய ஆராய்ச்சியாளர் தம் துகட்படங்களைப் பொதுமக்கள் எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளுமாறு எம்பியார் என்னும் சேமிப்பகத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே அதன் எண் 10028. அப்படங்களில் ஒரு படப்புள்ளி 1.34 அங்ஸ்ட்ரோமுக்குச் சமம். பெட்டியின் பக்கம் 360 படப்புள்ளி. அதாவது ஏறத்தாழ 482 அங்ஸ்ட்ரோம். ஒரு பெட்டியில் 1,29,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு பைட் இடம். 1,05,247 பெட்டிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 5,456 கோடி பைட். நம்மவர் பேச்சில் 54 கிகாபைட்டுக்குச் சற்று மேல். பக்கத்தை இருமடங்காக்கி 720 புள்ளியாக வெட்டினால் இடம் நான்கு மடங்காகும். முப்பரிமாண உருவத்துக்கு வேண்டிய நினைவகம் எட்டு மடங்காகும். பெருநிலையங்களில் இதுவொரு பொருட்டன்று. ஒரேயொரு கணினியை நம்பியிருக்கும் நம் பல்கலைக்கழக மாணவனுக்கோ இது ஆராய்ச்சி நடப்பதற்கும் நின்றுபோவதற்குமுள்ள வேறுபாடு.

அந்த 482 அங்ஸ்ட்ரோம் பெட்டியைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். துகளின் 300ஐக் கழித்தால் மிஞ்சுவது 182; இருபுறமும் 91. இந்த 91 அங்ஸ்ட்ரோம் இடைவெளி, 3.2 அங்ஸ்ட்ரோம் நுட்பத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மைக்கிரோன் விலகலை முழுவதும் தாங்கும். அதைவிட மிகுந்த விலகலில் எடுத்த படங்களில் துகளின் ஓரத்து நுண்செய்தியில் ஒரு பகுதி வெளியே போய்விடும். நடுப்பகுதியின் செய்தி பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். அலை திரும்பாமைக்கோ இப்பெட்டி மூன்று மைக்கிரோன் வரையிலும் தாராளமாகப் போதும். ஆகவே இது எல்லாவற்றையும் பிடித்த பெட்டியுமன்று, குறுகிய பெட்டியுமன்று. கணினியின் சுமையையும் செய்தியின் இழப்பையும் நிறுத்துப் பார்த்து நடுவில் நிற்கும் பெட்டி. துகளின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு முதல் இருமடங்கு வரை பெட்டி அமைக வேண்டும் என்று இத்துறையில் வழங்கும் கைவிதியும் இதற்குப் பொருந்தி வருகிறது. கைவிதி நல்லதே. ஆனால் விலகல் மிகுந்தால் அது போதாது. விலகல் குறைந்தால் அது மிகை. அதன் பின்னுள்ள கணக்கைத் தெரிந்துகொண்டவனே அதை மீறும் வேளையையும் அறிவான்.

360 என்ற எண்ணிலும் ஒரு நயம் உண்டு. கணினி இப்படங்களை அலைகளாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. பெட்டியின் பக்கம் இரண்டு, மூன்று, ஐந்து போன்ற சிறிய எண்களால் மீதியின்றி வகுபடுமானால் அக்கணக்கு விரைவில் முடியும். 360 அவ்வாறு வகுபடும். 362 என்று வைத்தாலோ, அது இரண்டையும் 181ஐயும் பெருக்கியது. 181 பகா எண். இரண்டே புள்ளி கூடியதற்காகக் கணக்கு மெதுவாகிவிடும். பெட்டி எப்போதும் இரட்டை எண்ணாகவும் இருக்கவேண்டும்.

இனி, இவ்வேலையில் புதிதாக இறங்கும் மாணவனுக்கு ஒரு வரிசைமுறை கூறுகிறேன்.

தொடக்கத்திலேயே முழு நுட்பத்துக்கு ஆசைப்பட வேண்டாம். 482 அங்ஸ்ட்ரோம் பெட்டியை அதே பரப்புடன் 90 படப்புள்ளியாகச் சுருக்கிக்கொள்ளலாம். அப்போது ஒரு புள்ளி 5.36 அங்ஸ்ட்ரோமாகும். புள்ளியளவின் இருமடங்கைவிட நுட்பமானதை எப்படமும் காட்டாது என்பது விதி. ஆகவே 10.7 அங்ஸ்ட்ரோமுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. ஆயினும் கெட்ட துகள்களையும் பனிப்பளிங்கையும் அழுக்கையும் நீக்குவதற்கு அதுவே போதும். சேமிப்பிடமும் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். இங்கே ஓர் எச்சரிக்கை. சுருக்குவது வேறு, வெட்டுவது வேறு. சுருக்கிய பெட்டியில் பரப்பு குறையவில்லை. நுட்பம் மட்டுமே ஒத்திவைக்கப்பட்டது. மூலப்படத்திலிருந்து மீண்டும் எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல துகள்களைத் தேர்ந்த பின், அவற்றை மூலப்படத்திலிருந்து முழுப் புள்ளியளவில் மீண்டும் எடுக்கவேண்டும். அப்போதுதான் பெட்டிக் கணக்கைச் செய்யவேண்டும். தன் படங்களின் குவிய விலகல் எதிலிருந்து எதுவரை பரந்திருக்கிறது என்று பார்த்து, எட்ட விரும்பும் நுட்பத்தைக் குறித்துக்கொண்டு, பரவல் தூரத்தைக் கணிக்கவேண்டும். பிறகு உருவத்தைக் கட்டி, நுட்பம் எதிர்பார்த்ததைவிட உயர்ந்தால், பெட்டி இன்னும் போதுமா என்று மறுபடியும் கணக்கிடவேண்டும். நுட்பம் உயர உயரச் செய்தி மேலும் தொலைவில் பரவியிருப்பதால், 4 அங்ஸ்ட்ரோமுக்குப் போதுமாயிருந்த பெட்டி 3 அங்ஸ்ட்ரோமுக்குப் போதாமற் போகலாம். ஐயமிருப்பின், ஒரே துகட் கூட்டத்தை இரண்டு பெட்டி அளவுகளில் எடுத்துக் கட்டி ஒப்பிடலாம். பெரிய பெட்டி தெளிவைக் கூட்டவில்லையென்றால் சிறியதையே வைத்துக்கொள்வது அறிவுடைமை.

நுட்பம் எவ்வளவு என்று தன் கண்ணால் மதித்துவிடலும் ஆகாது. துகட்படங்களை இரண்டு பாதிகளாகப் பிரித்து, ஒன்றையொன்று அறியாதவாறு தனித்தனியே உருவம் கட்டவேண்டும். இரண்டும் எந்த அளவு நுட்பம் வரை உடன்படுகின்றனவோ அதுவரையே நம்பவேண்டும். இரைச்சலும், பொறுமையற்ற கையில், வேண்டிய உருவத்தைக் காட்டத் தயங்காது.

ஒருவர் கேட்கலாம்: இவ்வளவு தொல்லை எதற்கு? குவிய விலகலை மிகக் குறைத்து எடுத்தால் சிறிய பெட்டியே போதுமல்லவா என்று. கணக்கின்படி உண்மை. அரை மைக்கிரோனில் பரவல் 31 அங்ஸ்ட்ரோம்தான். ஆனால் அப்படத்தில் துகளே கண்ணில் படாமற் போகலாம். பட்டாலும் எத்திசையில் கிடக்கிறதென்று தவறாகக் கணிக்கப்படலாம். தவறான திசையில் சேர்த்த துகள் உருவத்தைத் தெளிவாக்குவதற்கு மாறாகக் கலக்கிவிடும். ஆகவே துகள் ஐயமின்றிப் புலப்படும் அளவுக்கு விலகலைக் குறைப்பதும், அந்த விலகலுக்குப் போதிய பெட்டி வெட்டுவதுமே முறை. இரண்டையும் தனித்தனியாகத் தீர்மானிக்க முற்படுபவன் ஒன்றில் பெற்றதை மற்றொன்றில் இழப்பான்.

நேயர்களே, கிணற்றடிக்கே திரும்புவோம். மன்னாரில் அந்த நுளம்பு காணப்பட்டபின், கிணறு கிணறாகச் சென்று குடம்பியைத் தேடும் வேலையும், அவற்றைத் தின்னும் மீன்களைக் கிணறுகளில் விடும் வேலையும் நடந்தன. கிணற்றின் நடுவே மட்டும் பார்த்து, சுவரோரத்தைப் பாராமல் திரும்பும் ஊழியர் குடம்பியைத் தவறவிடுவர். பெட்டியைக் குறுக்கி வெட்டும் ஆராய்ச்சியாளனும் அவ்வாறே ஓரத்தைத் தவறவிடுகிறான். ரைபோசோமின் படமெடுக்கும் இயந்திரம் பெருஞ் செல்வமுடைய நிலையங்களிலேயே இருக்கிறது. ஆனால் அது எடுத்த படங்கள் எவருக்கும் திறந்து கிடக்கின்றன. மன்னாரிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் மாணவர் ஒருவர், ஓரளவு வலிய கணினி ஒன்றும் பொறுமையும் இருந்தால், நம் தீவைப் பலமுறை வாட்டிய ஒட்டுண்ணியின் தறியைத் தம் கையாலே கட்டிப் பார்க்கலாம். அவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியவை ஒரு தாளும் பென்சிலும்தான். அலைநீளத்தை விலகலால் பெருக்கி, நுட்பத்தால் வகுத்து, வந்த விடையை இருபுறமும் கூட்டிப் பார்த்த பின் பெட்டியை வெட்டட்டும்.